தண்ணீர் நாட்டுக்கு ஒரு பங்கு

பல நாடுகள் சேர்ந்து நடத்தும் வளர்ச்சி வங்கி ஒன்றில் மூத்தவள் வேலை பார்த்தாள். எந்தப் பகுதிக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம், அதில் போக்குவரத்துக்கு எவ்வளவு, மின்சாரத்துக்கு எவ்வளவு, மருத்துவத்துக்கு எவ்வளவு என்று பங்கு பிரித்து யோசனை சொல்லும் பிரிவு அவளுடையது. கூட வேலை பார்ப்பவர்கள் அவளைப் பந்திக்காரி என்று கேலி செய்வார்கள். சமைத்ததும் அவள் இல்லை, சாப்பிடப் போவதும் அவள் இல்லை. யார் தட்டில் எது விழவேண்டும் என்று பார்த்துக்கொண்டு நிற்பது மட்டும் அவள் வேலை. அவளும் சிரித்துக்கொள்வாள்.

அவள் மேசைக்கு எதிர்ச் சுவரில் நாட்டின் வரைபடம் ஒன்று இருந்தது. கடன் போன பகுதிகளுக்கெல்லாம் நிறம் தீட்டியிருக்கும். மேற்குப் பகுதி அடர்ந்த பச்சையாக இருந்தது. தலைநகரைச் சுற்றிலும் ஆரஞ்சு. தென்கிழக்கு மூலையில், ஆறு கடலில் சேருவதற்கு முன் நூல் நூலாகப் பிரியும் இடம் மட்டும் பல வருடங்களாக வெள்ளையாகவே கிடந்தது. தண்ணீர் நாடு என்று அதற்குப் பட்டப்பெயர். மத்தியான வெயில் கண்ணாடி வழியே வந்து அந்த வெள்ளையின் மேல் விழும்போது மூத்தவளுக்குக் கண் செருகும். கோடுகள் மெல்ல நகர்வது போலவும் அறைக்குள் எங்கோ தண்ணீர் ஓடுவது போலவும் இருக்கும். யாராவது கதவைத் தட்டினால் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்து உட்காருவாள்.

அந்த வெள்ளை மூலையில்தான் அவளுடைய தங்கை இருந்தாள். மருந்தகத்தில் நர்ஸ். அந்த ஊர்ப் படகோட்டி ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனவள், அதற்குப் பிறகு அங்கேயே வேர் விட்டுவிட்டாள். இளையவள் எப்போதாவது நகரத்துக்கு வருவாள், அக்கா வீட்டில் தங்குவாள், போவாள். அக்கா ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. வேலை, வேலை என்று சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தாள்.

ஆண்டுக் கணக்கு முடியும் சமயத்தில் பிரிவின் தலைவி அவளைக் கூப்பிட்டாள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாலே பெரிய விஷயம் என்று எல்லோருக்கும் தெரியும். கழற்றி வைத்தாள். கொடுத்த இடத்துக்கே திரும்பத் திரும்பக் கொடுக்கிறோம் என்று நிர்வாகக் குழுவில் கேள்வி வந்துவிட்டதாம். மருத்துவத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒதுக்கியதெல்லாம் தீர்ந்துவிட்டது. போக்குவரத்தில் மட்டும் ஒரு பங்கு தூங்குகிறது. அதைத் தண்ணீர் நாட்டுக்குத் தள்ளிவிட்டால் இரண்டு தலைவலியும் ஒன்றாகத் தீரும்.

"போய் அவங்களை ஒரு ரோடு கேக்கச் சொல்லு. அவங்க கேட்டாத்தானே நாம குடுக்க முடியும்" என்றாள் தலைவி.

மூத்தவள் தலையாட்டினாள். வெளியே வந்து, மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

ரயில் போகும் தூரம் வரை ரயிலில் போனாள். தண்டவாளம் முடிந்த இடத்தில் படகுத்துறை இருந்தது. அங்கே மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், படகோடு காத்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். "வாங்க அண்ணி" என்று கையை நீட்டினார். அவள் அந்தக் கையை இறுகப் பற்றிக்கொண்டு இறங்கினாள், படகின் நடுவில் இருந்த கம்பத்தை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், போய்ச் சேரும் வரை கம்பத்தை விடவில்லை. பனி மூட்டம் இறங்கியிருந்தது. கரை எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. நாணல் கூட்டம் ஒன்று பக்கத்தில் வந்து, பேச நினைத்து மறந்துவிட்டதைப் போல விலகிப் போனது. எங்கிருந்தோ ஒரு மணியோசை கேட்டது. எந்தத் திசை என்று அவளால் சொல்ல முடியவில்லை. எஞ்சின் சத்தம்கூடப் பஞ்சில் சுற்றியது போல ஒலித்தது.

தங்கையின் வீடு மரக்கால்களின் மேல் நின்றது. இளையவள் வாசல் ஏணியில் இறங்கி வந்து, அக்காவைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். "வந்துட்டியா" என்று மட்டும் கேட்டாள். அதில் சந்தோஷமும் இருந்தது, ஒரு குத்தலும் இருந்தது. உள்ளே கூட்டிப்போய்ப் பாய் விரித்துப் படுக்க வைத்தாள். தரைப் பலகைகளுக்குக் கீழே தண்ணீர் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சூரியன் பனியைக் கிழித்துக்கொண்டு வந்தபோது, தண்ணீரின் வெளிச்சம் கூரையில் ஏறி வலை வலையாக அசைந்தது. மூத்தவள் அதைப் பார்த்தபடியே தூங்கிப்போனாள். கனவில் அவளுடைய அலுவலகம் மிதந்து வந்தது. தலைவி ஜன்னலில் நின்று கையசைத்தாள். விழித்தபோதும் அதே வெளிச்சம் கூரையில் அசைந்தது. கனவு முடிந்ததா இல்லையா என்று ஒரு கணம் தெரியவில்லை.

மறுநாள் பகுதித் திட்ட அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்தது ஒரே ஓர் அதிகாரி. எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பார். அதுவே அவர் பெயராகிவிட்டது. இத்தனை வருடமாக ஏன் ஒரு விண்ணப்பமும் வரவில்லை என்று மூத்தவள் கேட்டாள். ஆகட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு உண்மையைச் சொன்னார். ஒவ்வொரு வருடமும் ஊர்ச்சபை கூடும். பாதிப் பேர் சாலை வேண்டும் என்பார்கள். மீதிப் பேர் சாலை வந்தால் கரை கட்டுவார்கள், கரை கட்டினால் தண்ணீர் தேங்கி மீன் செத்துப்போகும், படகுத் தொழில் படுத்துவிடும் என்பார்கள். சபை கலைந்துவிடும். அவர் இரண்டு தரப்புக்கும் ஆகட்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். நகரத்தில் இருப்பவர்களோ, அங்கே யாருக்கும் எதுவும் தேவையில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அவள் வந்ததற்காகவே சபை மறுபடி கூடியது. பள்ளிக்கூடத்துக் கூடம், சிறு பிள்ளைகளின் தாழ்ந்த பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போக்குவரத்துக்கு ஒரு பங்கு இருக்கிறது, கேட்டால் கிடைக்கும் என்று மூத்தவள் விளக்கினாள். சாலைக்கு ஆதரவாக முதலில் எழுந்தது அவள் தங்கை. ரத்தம் கொட்டும் ஆளைப் படகில் போட்டுக்கொண்டு கடல்நீர் ஏற்றத்துக்காகக் காத்திருப்பது என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் தான் சொல்லித் தரவேண்டியதில்லை என்றாள். எதிர்த்து எழுந்தது அவள் புருஷன். வீட்டில் வாய் திறக்காத மனிதர் சபையில் நன்றாகவே பேசினார். மேட்டு ஊர் ஒன்றில் கரை போட்ட பிறகு வாய்க்கால்கள் நாறிப்போனதை நேரில் பார்த்ததாகச் சொன்னார். "எங்க வீட்ல சொல்றது சரிதான். ஆனா ரோடு வேணாம்" என்று முடித்தார். கூடம் முழுக்கச் சிரிப்பு. இன்றைக்கு உனக்குச் சாப்பாடு கிடையாது என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

கை தூக்கச் சொன்னபோது இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக நின்றன. ஆகட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த காலை, விடிந்து கொஞ்ச நேரத்தில், தச்சர் ஒருவர் கூரையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார் என்று செய்தி வந்தது. இளையவள் கட்டுப் போட்டுவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்றாள். மாப்பிள்ளை படகை எடுத்தார். இளையவளோடு மூத்தவளும் ஏறிக்கொண்டாள், மறுக்க அவளுக்குக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. பனி அன்றைக்கு இன்னும் அடர்த்தி. பாதி வழியில் படகின் அடி எதிலோ மெத்தென்று உட்கார்ந்தது. மாப்பிள்ளை கழியை ஊன்றித் தள்ளிப் பார்த்தார், இறங்கித் தோள் கொடுத்தும் பார்த்தார். வற்றம் தொடங்கிவிட்டது. தண்ணீர் அவர்களை விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் நழுவிப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் சுற்றிலும் பளபளவென்று சேறு. மறுபடி ஏற்றம் வரும் வரை அசைய முடியாது.

தச்சர் மருந்தின் மயக்கத்தில் இருந்தார். இடையிடையே கண் திறந்து, "வந்துட்டமா" என்பார். "வந்துக்கிட்டே இருக்கோம்" என்பாள் இளையவள். அவர் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொள்வார். பனி வெண்மையாக நான்கு பக்கமும் நின்றது. சேற்றில் சின்னச் சின்ன நண்டுகள் வெளியே வந்து, ஏதோ யோசித்துவிட்டுத் திரும்ப உள்ளே போயின. இந்த உலகத்தில் தாங்கள் நான்கு பேர் மட்டும்தான் மிச்சம் என்று மூத்தவளுக்குத் தோன்றியது. பயமாக இல்லை. தன் சொந்தக் கையையே தூரத்திலிருந்து பார்ப்பது போல இருந்தது.

"ஏன்க்கா, எங்களுக்கு மட்டும் ஏன் எதுவுமே வரல?" என்று இளையவள் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. காலின் கட்டைச் சரி பார்த்துக்கொண்டே கேட்டாள்.

மூத்தவள் யோசித்துச் சொன்னாள். "கேக்கறவங்களுக்குத்தான் குடுப்போம். கேக்கணும்னா திட்டம் வேணும். திட்டம் போட ஆளு வேணும். ஆளு வந்து பாக்கணும்னா வழி வேணும்."

"வழி வேணும்னா கடன் வேணும்."

"ஆமா."

இளையவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பனியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எல்லாரும் ஆஸ்பத்திரிக்காகத்தான் நான் ரோடு கேக்கறேன்னு நெனைக்கறாங்க. அதுவும் உண்மைதான். ஆனா ரோடு இருந்திருந்தா நீ வந்திருப்பேன்னு நெனச்சேன். காரை எடுத்துக்கிட்டு, ஞாயித்துக்கிழமை, சும்மா."

மாப்பிள்ளை முதுகைத் திருப்பிக்கொண்டு, தேவையே இல்லாமல் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.

மூத்தவள், "வேலையெல்லாம் ஒண்ணுமில்லடி. எனக்குத் தண்ணின்னா பயம்" என்றாள்.

இளையவள் திரும்பிப் பார்த்தாள். அக்கா இன்னும் கம்பத்தை அணைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள், படகோ தரை தட்டி நின்றிருந்தது. இளையவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள், அந்தத் தண்ணீர் சிரிப்போடு நிற்கவில்லை. மூத்தவள் கம்பத்தை விட்டுவிட்டுத் தவழ்ந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வந்துட்டமா" என்றார் தச்சர். இந்தத் தடவை அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஏற்றம் வந்தது. முதலில் ஒரு நெளிவு, பிறகு ஒரு மினுக்கம், பிறகு படகின் கீழே ஒரு பெருமூச்சு. யாரோ தூக்கிக் கொடுத்தது போலப் படகு எழுந்தது. தச்சரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் மூத்தவளுக்கு அது பிடிபட்டது. வங்கியின் பங்குப் பட்டியலில் அந்தக் கட்டத்துக்குப் பெயர் சாலை இல்லை, போக்குவரத்து. எல்லோரும் ரோடு, ரோடு என்று சொல்லிச் சொல்லியே அந்தக் கட்டம் ரோடாகிவிட்டது. வேறொரு நாட்டில் இதே வங்கி கால்வாய் வெட்டக் கடன் கொடுத்திருக்கிறது; அந்த ஒப்பந்தத்தை அவளே ஒரு தடவை புரட்டிப் பார்த்திருக்கிறாள். இங்கே பெரிய வாய்க்காலை ஆழமாகத் தூர்வாரி, இரண்டு பக்கமும் படகுத்துறை கட்டி, விளக்கு மிதக்கவிட்டால், வற்றத்திலும் படகு ஓடும்.

மாப்பிள்ளைக்குச் சொன்னாள். அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லியே பழகிவிட்டவருக்கு, வேண்டும் என்று சொல்ல ஒன்று கிடைத்தது புதிதாக இருந்தது. இளையவள்தான் லேசில் மசியவில்லை. தூர்வாரினால் மறுபடி மண் சேரும், யார் வாருவது என்று கேட்டாள். படகுத்துறைக் கட்டணத்தில் வருடா வருடம் வாரலாம் என்று மூத்தவள் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கென்று வேகமான படகு ஒன்றும் வேண்டும் என்றாள் இளையவள். அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

"ஆனா ரோடு வேணாம்னு எழுதாத. இப்போதைக்கு வாய்க்கால்னு எழுது" என்றாள் கடைசியாக.

சபை ஒத்துக்கொண்டது. சாலைக்காரர்களும் தோற்கவில்லை, தண்ணீர்க்காரர்களும் தோற்கவில்லை. ஆகட்டும் தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரே தரப்புக்கு ஆகட்டும் என்று சொல்லி, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

நிர்வாகக் குழு கூடிய நாளில் மேற்குப் பகுதிக்காரர்களும் வந்திருந்தார்கள். நல்ல கோட்டு போட்ட இளைஞர்கள் கூட்டம். புதிய பாலம் ஒன்றின் மாதிரியைக் கண்ணாடிப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார்கள். அதில் குட்டி விளக்குகள் எரிந்தன, குட்டிக் கார்கள் ஓடின. குழு உறுப்பினர்கள் பெட்டியைச் சுற்றி நின்று, பொருட்காட்சிக்கு வந்த குழந்தைகளைப் போலக் குனிந்து குனிந்து பார்த்தார்கள். மூத்தவளே அதைப் பார்த்துச் சொக்கிப்போனாள். பொய்யும் இல்லை அது. அந்தப் பாலமும் தேவைதான், அதைக் கட்டவும் அவர்களுக்குத் தெரியும். கொடுத்தால் திரும்பி வரும் என்ற நிம்மதி அந்தக் குட்டி விளக்குகளில் எரிந்தது.

தண்ணீர் நாட்டின் முறை வந்தபோது ஓர் உறுப்பினர், "சேறு வாரவா கடன் கேட்கிறீர்கள்?" என்று கேட்டார். மூத்தவளுக்குச் சேற்றில் உட்கார்ந்திருந்த அந்தக் காலைப்பொழுது நினைவுக்கு வந்து அறை முழுக்கப் பனி நிறைந்தது போல இருந்தது. அப்போது தலைவி கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"ரோடு கேக்கச் சொல்லித்தான் அனுப்பினேன். இவ வேற ஒண்ணோட வந்திருக்கா. வெள்ளையா கெடக்கற இடத்துக்குப் போய்ட்டு வந்தவ இவ ஒருத்திதான். நாம யாரும் போகல" என்றாள்.

அரைகுறையாகத்தான் தேறியது. தூர்வாரலும் படகுத்துறைகளும் கிடைத்தன. மிதக்கும் விளக்குகளில் பாதி போயிற்று. ஆஸ்பத்திரிப் படகு அடியோடு போயிற்று; அது மருத்துவக் கணக்கு, அந்தப் பங்கு ஏற்கெனவே தீர்ந்துவிட்டது என்றார்கள். பெரும் பங்கு மேற்குப் பாலத்துக்கே போனது. மூத்தவள் வாக்குவாதம் செய்யவில்லை. ஒப்பந்தத்தை எழுதும்போது ஒரு வரி மட்டும் சேர்த்தாள். வாய்க்காலின் ஆழம் அளப்பதற்காக வாங்கும் வேகப்படகை, வேலை முடிந்ததும் அந்தப் பகுதி மருந்தகத்திடம் ஒப்படைக்க வேண்டும். அளவைப் படகு போக்குவரத்துக் கணக்கில்தான் வரும். அந்த வரியை யாரும் கேள்வி கேட்கவில்லை. தலைவி மட்டும் படித்துவிட்டு அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள், அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

தொலைபேசியில் இதைச் சொன்னபோது இளையவள், படகில் படுக்கை போட இடம் இருக்குமா என்று கேட்டாள். இருக்கும் என்றாள் மூத்தவள்.

தூர்வாரும் இயந்திரம் மழைக்காலம் முடிந்து வந்தது. பெரிய வீடு ஒன்று நீந்தி வந்தது போல இருந்ததாம். எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று வழிகாட்ட மாப்பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்கள். பகலெல்லாம் அது நீண்ட கழுத்தை நீட்டிச் சேற்றை உறிஞ்சி, குழாய் வழியாகத் தூரத்தில் கக்கியது. சத்தத்துக்கு முதலில் பறவைகள் பறந்து போயின. மீன் ஒரு பருவம் குறைந்தது. அதற்காக ஊரில் திட்டினார்கள், மாப்பிள்ளையையும் சேர்த்துத் திட்டினார்கள். அவர் அதையும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டார். வேலை முடிந்ததும் வேகப்படகு மருந்தகத்துக்கு வந்தது. இளையவள் அதற்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தாள்.

வங்கிக் காகிதம் எதுவும் கையில் இல்லாமல், விடுமுறை எடுத்துக்கொண்டு, மூத்தவள் ஒரு தடவை போனாள். வற்றக் காலத்திலும் படகு நிற்காமல் ஓடியது. திருப்பம் ஒன்றில், அதற்கு முன் அங்கே இல்லாத ஒரு மேடு தெரிந்தது. தூர்வாரிய சேறெல்லாம் கொட்டிய இடம். காய்ந்து, இறுகி, நடக்கக்கூடிய நிலமாகிவிட்டிருந்தது. ஆற்றோடு மேட்டு ஊர்களிலிருந்தெல்லாம் அடித்து வந்த மண், இங்கே வந்து யாருக்கும் சொந்தமில்லாத ஒரு தீவாகக் கிடந்தது. எந்தத் திட்டத்திலும் எந்தக் கட்டத்திலும் அது இல்லை. சபையில் அதற்குள் சண்டை தொடங்கிவிட்டதாம். சந்தை வேண்டும் என்று பாதிப் பேர், சும்மா விடுங்கள் என்று பாதிப் பேர்.

இளையவள் படகை அங்கே நிறுத்தச் சொன்னாள். இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். மண் இளஞ்சூடாக இருந்தது. எங்கிருந்தோ விதை வந்து, புல் முளைக்கத் தொடங்கியிருந்தது. நாரைகள் ஒரு கூட்டம் மறுகோடியில் நின்று, இவர்கள் வந்ததைப் பொருட்படுத்தாமல் தங்கள் பாட்டுக்குக் கொத்திக்கொண்டிருந்தன. மூத்தவளுக்குத் தூக்கம் வந்தது. உட்கார்ந்தாள், பிறகு அப்படியே சாய்ந்தாள்.

"சேலை அழுக்காயிடும்" என்றாள் இளையவள்.

"ஆகட்டும்" என்றாள் மூத்தவள், கண்ணை மூடிக்கொண்டே.

இளையவளும் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை படகில் இருந்தபடியே ஏதோ கேட்டார். காற்று அந்தக் கேள்வியை நாணல் பக்கமாகக் கொண்டு போய்விட்டது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.